வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்கால்

அத்தியாயம் 11

வருகிறேன் என்று சொல்லிவிட்ட விருந்தாளியை வராதே என்று சொல்ல எத்தனை வழி இருக்கிறது? காய்ச்சல் என்று சொல்லலாம். ஊருக்குப் போகிறோம் என்று சொல்லலாம். வீட்டில் வெள்ளையடிக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். ஒரு வாரம் முழுக்க ரெஹானா இப்படி ஒன்பது பொய்களை யோசித்து, ஒன்றைக்கூட அனுப்பாமல், வெள்ளிக்கிழமை காலைக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்யே தொண்டையில் முள்ளாக நிற்கும்போது பத்தாவது எப்படி உள்ளே இறங்கும், சொல்லுங்கள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ரெஹானாவுக்கு இருபத்தாறு வயது. உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அப்துல் ஜலீலின் மூத்த மகள். கணவன் இத்ரீஸ் தம்மாமில் இருக்கிறான். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவன் ஊரில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதம்கூடத் தேறாது. மாமியார் கம்பத்தில் மூத்த மகனோடு இருக்க, "நான் வர்ற வரைக்கும் உங்க அம்மா வீட்டுலயே இரு" என்று அவன் சொல்லிவிட்டுப் போனதால், ரெஹானா இங்கே இருக்கிறாள். வீட்டாளும் இல்லை, விருந்தாளியும் இல்லை. அவளுடைய புடவைகள் இன்னும் சூட்கேஸில்தான் இருக்கின்றன.

முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆசைப்பட்டு இத்ரீஸ்தான் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். "இதுல நீயும் நானும் மட்டுந்தான் பேசணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் உத்தமபாளையத்து இணைப்புக்கு ஒரு மனுஷனின் முகத்தைத் தூக்கிக்கொண்டு வரும் தெம்பு இல்லை. மூக்கு வந்தால் கண் வராது. ஆகவே பழையபடி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டெலிபோன்தான். பத்து நிமிஷ கார்டு. "நல்லாருக்கியா, சாப்பிட்டியா, அத்தா நல்லாருக்காகளா?" கடைசியில், "வேறென்ன?" அவள், "வேறொண்ணுமில்ல." அவ்வளவுதான், ஒரு வாரம் முடிந்தது.

இந்த வருஷம் தங்கை சுமையா பிளஸ் டூ. நாட்டிலுள்ள பெரிய சட்டக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே நுழைவுத் தேர்வு என்று போன வருஷம்தான் ஆரம்பித்திருந்தார்கள். ஒரு சட்ட விதியையும் ஒரு குட்டிக் கதையையும் கொடுத்துத் தீர்ப்புக் கேட்கும் கேள்விப் புத்தகம் ஒன்றைத் தங்கைக்காக மதுரையிலிருந்து வரவழைத்தாள் ரெஹானா. தங்கை தொடவில்லை. அக்கா ஒரே வாரத்தில் பென்சிலால் எல்லாவற்றுக்கும் விடை எழுதிவிட்டாள். பி.ஏ. ரெண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டவள். தனக்கு இப்படி ஒன்று வரும் என்று அவளுக்கே தெரியாது.

தேர்வுக்கு ஒரு விதி உண்டு. இருபது வயதைத் தாண்டியவர் எழுத முடியாது.

எழுத முடியாவிட்டால் என்ன, எழுதுகிறவர்களோடு பேசலாமே என்று யாஹூவில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். தங்கையின் பெயரில், தங்கைக்குத் தெரிந்தேதான். "என் பேர்லயே பேசிக்கோக்கா, எனக்கென்ன" என்றுவிட்டாள் சுமையா. ஆண்டிபட்டி ஒச்சாண்டி, போடி கிருபாவதி, ராயப்பன்பட்டி பெனிஷா என்று ஏழு பேர் சேர்ந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இந்தப் பரீட்சைக்கு வாத்தியார் கிடையாது, கோச்சிங் கிடையாது. ஒருவருக்கொருவர்தான் துணை.

கம்ப்யூட்டர் இருப்பது முன்ஹாலில். அங்கே எந்நேரமும் அத்தா ஜலீலைப் பார்க்க வியாபாரிகள் வந்துகொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போகும் ஒரு மணி நேரம்தான் ஹால் பெண்கள் கையில். பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்கால் என்று நேரம் குறித்தாள். காரணத்தைச் சொன்னதும் ஒச்சாண்டி அதற்கு 'ஜும்ஆ குரூப்' என்று பெயரே வைத்துவிட்டான். பாவம், அவன் ஊரில் ஒன்றரைக்குக் கரண்ட் போய்விடும். வாராவாரம் பாதியில் ஓடுகிறவன் அவன்தான்.

அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் ரெஹானா மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு பெனிஷா மட்டும் பத்து நிமிஷம் கூட இருப்பாள். தன் கதை சொல்வாள். அம்மா வியாகுலமேரி தன்னை மடத்தில் கன்னியாஸ்திரியாகச் சேரச் சொல்வதை, தனக்குக் கோர்ட்டில் நின்று பேசத்தான் ஆசை என்பதை. அந்தப் பெனிஷாதான் போன வாரம் எழுதியிருந்தாள்: "வெள்ளிக்கிழமை நானே உங்க வீட்டுக்கு வர்றேன் சுமையா. அப்பாவும் வர்றாக. நம்ம சென்னை போறதப் பத்தி உங்க அத்தாகிட்டப் பேசணும்னு சொல்றாக."

விஷயம் இதுதான். அப்துல் ஜலீலுக்கு சென்னையில் ஏலக்காய் விஷயமாக எப்படியும் வேலை இருக்கிறது. மண்ணடியில் அவர் தங்கை வீடு இருக்கிறது. அவர் சுமையாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது பெனிஷாவும் போவதாக ஏற்பாடு. பெனிஷாவின் அப்பா மரிய ஜோசப்புக்கு அந்த வாரம் தோட்டத்தில் திராட்சை வெட்டு. அவர் நகர முடியாது. அவள் அம்மா மதுரையைத் தாண்டியதே இல்லை. இன்னொரு பெண்பிள்ளை கூடப் போனால்தான் அனுப்புவேன் என்று மரிய ஜோசப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுமையா போனால் பெனிஷா போவாள். இல்லையென்றால் அவளுக்குத் தேர்வும் இல்லை, கோர்ட்டும் இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

*

காலை எட்டு மணிக்குத் துணி காயப்போடும் சாக்கில் தங்கையை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள் ரெஹானா.

"இன்னைக்கு ஒரு ரெண்டு மணி நேரம் சமாளிச்சிரு புள்ள. நீ சும்மா சிரிச்சிட்டு இரு. பேச வேண்டியத நான் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்குறேன்."

"சமாளிச்சு?"

"அப்புறம் ஒரு மாசந்தான. மெட்ராஸ் போய் எழுதிட்டு வந்துரு."

சுமையா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பை மாட்டினாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"அக்கா, நான் எழுதப் போறதில்ல."

"என்னடி சொல்ற?"

"எனக்குப் பிடிக்கலக்கா. பிப்ரவரி மாசத்துலருந்து சொல்லணும்னு பாக்குறேன். நீ அந்தக் கேள்விய வாசிக்கும்போது உன் மூஞ்சியப் பாத்துட்டு சொல்ல வாய் வரல. எனக்கு இங்கனயே பி.காம் போதும்."

"ஃபாரம் போட்டாச்சே. ஹால் டிக்கெட்டே வந்துருச்சே."

"ஃபாரம் போட்டது நீ. படிச்சது நீ. பேசுனது நீ. உன் ஆசைய நான் போய் எழுத முடியாதுக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். சுமையா அழுதுகொண்டே சொன்னாள். ரெஹானா ஈரத்துணி வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"அந்தப் புள்ளகிட்ட இன்னைக்கே சொல்லிரு" என்றாள் சுமையா.

"இன்னைக்கு வேணாம்."

"பின்ன என்னைக்கு? பரீட்சை முடிஞ்சப்புறமா?"

கீழேயிருந்து அம்மா ஆசியாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் மேல என்னத்தப் பண்றீக? நெய்ச்சோத்துக்கு அரிசி களையணும், எறங்கி வாங்க!"

*

பன்னிரண்டரைக்கு அத்தா வெள்ளைச் சட்டையும் அத்தருமாகப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியிருப்பார், வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

"அப்பா பைபாஸ்ல உரக்கடைக்குப் போறாக. ரெண்டரைக்கு வந்துருவாக" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த பெண்ணுக்கு ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்தில் சின்னச் சிலுவை. கையில் பாலிதீன் பை நிறையத் திராட்சை. செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தாள். நிமிர்ந்து, எதிரே நின்ற இரண்டு பெண்களில் இளையவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"சுமையா!"

ஓடிவந்து சுமையாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

ரெஹானா ஒரு எட்டுத் தள்ளி நின்றாள். இரண்டு மாதமாக அவள் காத்திருந்த சிரிப்பு அது. கண்ணெதிரே அது வேறொருத்தியின் கைக்குப் போனது.

"இது எங்க அக்கா" என்றாள் சுமையா, அவசரமாக.

பெனிஷா திரும்பி மரியாதையாகத் தலையசைத்தாள். "தெரியும். சுமையா உங்களப் பத்திச் சொல்லிருக்கா அக்கா." சொல்லிவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவள்போல அவளையே ஒரு நொடி பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ரெஹானாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குள் போனாள்.

ஹாலில் பெனிஷாவின் குரல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டமாதிரி கொட்டியது. "அந்த பஸ் டிரைவர் கேள்விக்கு நீ சொன்ன பதில எங்க ஸ்கூல் சிஸ்டர்கிட்டச் சொன்னேன், அசந்துட்டாக. எப்படி சுமையா உனக்கு மட்டும் தோணுது?"

"சும்மா... அப்படியே தோணும்" என்றாள் சுமையா.

"கிருபாவதி கேட்டாளே, வாடகை வீட்டுக் கேள்வி. அதுல ரெண்டாவது விடைன்னு ஏன் சொன்ன?"

"அது வந்து... ரோஸ் மில்க் குடிக்கிறியா?"

அடுப்படியில் ரெஹானா கண்ணை மூடிக்கொண்டாள். இந்த லட்சணத்தில் ரெண்டு மணி நேரமா!

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தார் ஆசியா, கையில் ஏழெட்டு முருங்கைக்காயோடு. அடுத்த வீட்டுப் பொன்னுராஜின் மரம். கிளை சுவர் தாண்டி இந்தப் பக்கம் தொங்குகிறது.

"தால்ச்சாவுக்கு ஆச்சு" என்றார்.

"அம்மா, அது அவுக காய். கேட்டீகளா?"

"என்னத்தக் கேக்குறது? நம்ம எடத்துல தொங்குது, நம்ம காய்தான்."

"கிளை நம்ம பக்கம் வந்தா வெட்டிக்கலாம்மா. அதுக்காகக் காய் நம்மதாயிராது. மரம் யாருதோ காயும் அவுகளுதுதான்."

"போடி. வருஷம் முச்சூடும் அந்த மரத்து இலையக் கூட்டுறது யாரு? இடுப்பு ஒடிஞ்ச இந்தப் பாவிதான?"

வாய் இருக்கிறதே, அது எந்த நேரத்தில் காலை வாரும் என்று சொல்லவே முடியாது. இரண்டு மாதமாக வாராவாரம் தட்டிப் பழகிய வாக்கியம், ரெஹானாவுக்குத் தெரியாமலே வெளியே வந்துவிட்டது.

"மொதல்ல விதிய வாசிங்கம்மா. அப்புறம் கதைய வாசிங்க. இரக்கத்தச் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பினாள். அடுப்படி நிலைப்படியில் பெனிஷா நின்றிருந்தாள். கையில் காலி டம்ளர். கழுவிக் கொடுக்கலாம் என்று வந்திருப்பாள்.

அவள் ரெஹானாவைப் பார்த்தாள். பின்னால் வந்து நின்ற சுமையாவைப் பார்த்தாள். மறுபடி ரெஹானாவை.

"நீங்களா?" என்றாள்.

ஆசியாதான், "என்னத்தா, உப்பு கிப்பு வேணுமா?" என்று கேட்டார்.

*

ஹாலுக்கு வந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹால் டிக்கெட்டு அவ பேருல. குரூப் அவ பேருல. பேசுனது முழுக்க நீங்க" என்றாள் பெனிஷா. அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வக்கீலாகவே பிறந்த பிள்ளைதான் என்று அந்த நிலைமையிலும் ரெஹானாவுக்குத் தோன்றியது.

"எனக்கு வயசு தாண்டிருச்சு பெனிஷா. என் பேருல ஆரம்பிச்சா யாரு சேருவா? கல்யாணமானவ, இதுல உனக்கென்ன வேலைன்னு கேப்பாகல்ல."

"நான் கேட்டிருக்க மாட்டேன்."

ரெஹானா மேஜைமேல் இருந்த கேள்விப் புத்தகத்தை நகர்த்தி வைத்தாள்.

"எங்க அம்மா மடத்துக்குப் போகச் சொல்றத எங்க ஃபாதர்கிட்டக்கூடச் சொன்னதில்ல. என் வயசுப் புள்ளன்னு நம்பித்தான் உங்ககிட்டச் சொன்னேன்." குரல் இப்போதுதான் உடைந்தது. "நீங்க ஒரு தடவ எழுதுனீக. எங்க வீட்டுல ஒரு அக்கா இருக்காக, நாள் பூரா யார்கிட்டயும் பேச மாட்டாக, பாத்தாப் பாவமா இருக்கும்னு. நான் அன்னைக்கு ராத்திரி செபத்துல உங்களுக்காக வேண்டிக்கிட்டேன். அதையும் நீங்களே உங்களப் பத்தித்தான் எழுதுனீகளா?"

"ஆமா" என்றாள் ரெஹானா.

வேறு யாரிடமும் சொல்ல முடியாததை, தன்னை ஒரு மூன்றாம் மனுஷியாக்கித்தான் அவளால் சொல்ல முடிந்திருந்தது. அது பொய்யில்லை என்று எப்படிப் புரியவைப்பது?

"சுமையா எழுதுறாளா, இல்லையா? அதையாவது உண்மையச் சொல்லுங்க."

"இல்ல. எனக்கே இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

பெனிஷா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. சுமையா இல்லையென்றால் அப்பா அனுப்ப மாட்டார்.

கம்ப்யூட்டர் டிங் என்றது. பன்னிரண்டே முக்கால். மெசஞ்சரில் ஒச்சாண்டி இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தான். 'சுமையா, வந்தாச்சா? எனக்கு ஒன்றரை வரைக்குந்தான். சீக்கிரம்.' அடுத்து கிருபாவதி. அடுத்து ஒருத்தி. டிங், டிங்.

"போங்க. கூப்பிடுறாகல்ல" என்றாள் பெனிஷா.

"நீயும் வா. பக்கத்துல உக்காரு."

"இரக்கத்தச் செருப்போட விட்டுட்டு வான்னு நீங்கதான சொன்னீக. அப்படிப் பாத்தா நீங்க செஞ்சது ஏமாத்துதான்." எழுந்து, சுமையாவோடு உள்ளே போய்விட்டாள்.

ரெஹானா உட்கார்ந்தாள். வேறு என்ன செய்ய? அங்கே ஆறு பேர் காத்திருக்கிறார்கள். புத்தகத்தைத் திறந்து கேள்வியைத் தட்டினாள். ஒருவன் தன் வண்டியை நண்பனுக்குக் கொடுக்கிறான், நண்பன் அதை இன்னொருவனுக்குக் கொடுக்கிறான், விபத்து நடக்கிறது, யார் பொறுப்பு? பதில்கள் வந்தன. ஒச்சாண்டி வழக்கம்போல அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னான். சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பித் திருத்தினாள். 'சுமையா இருக்க பயமேன்' என்று கிருபாவதி தட்டினாள்.

உள்ளே பெனிஷாவும் சுமையாவும் ஏதோ பேசுவது கேட்டது. ஒருமுறை பெனிஷா சிரிக்கக்கூடச் செய்தாள். சுமையாவுக்கு யாரையும் சிரிக்க வைக்கத் தெரியும். பக்கத்து அறையில் அந்தப் பெண் இருந்தும், திரையில் மட்டும் பெனிஷாவின் பெயர் விளக்கு அணைந்து சாம்பல் நிறமாகக் கிடந்தது. ரெஹானா அதையே பார்த்துக்கொண்டு இருபது கேள்விகளையும் முடித்தாள்.

*

ரெண்டரைக்குச் சொன்னபடி மரிய ஜோசப் வந்துவிட்டார். அத்தா அவரை ஹாலில் உட்கார வைத்து, சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, நெய்ச்சோறும் தால்ச்சாவும் போட்டார். அந்த முருங்கைக்காயைத் திராட்சைத் தோட்டக்காரர் ரசித்துச் சாப்பிட்டார். பெண்கள் எல்லாரும் உள்வாசல் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்.

"பாய், ஒங்கள நம்பித்தான் பாப்பாவ அனுப்புறேன்" என்றார் மரிய ஜோசப் கை கழுவிவிட்டு. "ரெண்டும் சேந்து போனா எனக்குக் கவலையில்ல. நாளைக்குக் காலைலயே போயி அடுத்த மாசத்துப் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுருவோமா?"

"போட்டுருவோம்ண்ணே. எம்மக துணைக்கு ஒரு புள்ள இல்லாமப் போறாளேன்னு எனக்குந்தான் இருந்துச்சு."

திரைக்குப் பின்னால் சுமையா அக்காவைப் பார்த்தாள். ரெஹானா தரையைப் பார்த்தாள். சுமையா மூச்சை இழுத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"அத்தா, நான் பரீட்சை எழுதல."

அத்தா திரைப்பக்கம் வந்தார். ஏன், எதற்கு, இத்தனை நாளா ஏன் சொல்லல என்று அடுக்கினார். சுமையா, "பிடிக்கலத்தா" என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெட்டிக்காரி, அக்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மரிய ஜோசப் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி பாய். பிள்ளைக விருப்பந்தான் முக்கியம். பாப்பா, வாத்தா, போவோம். ஒங்கம்மா சொல்றமாதிரி சிஸ்டரப் போய்ப் பாப்போம்."

பெனிஷா எதிர்த்துப் பேசவில்லை, கெஞ்சவில்லை. ஹாலைக் கடந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். ஒரு வழக்கு ஆரம்பிக்கும் முன்னாலேயே தோற்றுப்போன முகம் அது. அந்த முகத்தை ரெஹானா ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். பி.ஏ. ரெண்டாம் வருஷம், டி.சி. வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்குக் கண்ணாடியில்.

"நான் போறேன்" என்றாள் ரெஹானா.

தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. திரையை விலக்கிக்கொண்டு நிலைப்படிக்கு வந்துவிட்டாள்.

"அத்தா, பெனிஷாவுக்குத் துணைக்கு நான் வர்றேன். மண்ணடியில மாமி வீட்டுல என்கூடத் தங்கட்டும். பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டு வந்து விட்டுருவோம்."

"நீ எதுக்குடி போகணும்?" பின்னாலிருந்து ஆசியா அவள் முந்தானையைப் பிடித்தார். "கட்டிக்குடுத்த பொண்ணு. கம்பத்துல ஒங்க மாமியா காதுக்குப் போனா என்ன சொல்லுவாக? மாப்பிள்ள என்ன நெனப்பாக?"

அத்தா தாடியைத் தடவினார். "மாப்பிள்ளைகிட்டக் கேக்காம நான் கூட்டிட்டுப் போக முடியாதும்மா. நாலு மணிக்குப் போன் வரும்ல. நீயே கேளு. ஏன் போகணும்னு கேட்டா, பதில் சொல்லத் தெரியணும்ல உனக்கு?"

"காலைல ஏழு மணிக்குள்ள ஒரு தாக்கல் சொல்லி விடுங்க பாய்" என்றார் மரிய ஜோசப். "அதுக்கு மேல சீட்டு கிடைக்காது."

அவர் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தபோது ரெஹானா வாசல்வரை வந்தாள். பெனிஷா திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"நீங்க வந்தாலும் உள்ள விட மாட்டாக. கேட்டுக்கு வெளியவேதான் உக்காந்திருக்கணும். தெரியும்ல?"

"தெரியும்."

"மெட்ராஸ் வெயிலு. மூணு மணி நேரம்."

"இருக்கட்டும்."

பெனிஷா பைக்கில் ஏறி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு குடை எடுத்துக்கங்கக்கா" என்றாள். பைக் போய்விட்டது.

*

நாலு மணிக்கு டெலிபோன் அடித்தது. அங்கே ஒன்றரை. தொழுது, சாப்பிட்டு, ரூமுக்கு வந்து கூப்பிடுவான். அத்தா வேண்டுமென்றே கடைக்குக் கிளம்பிப் போயிருந்தார். ஆசியா அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்கும் ஸலாம். நல்லாருக்கீகளா மச்சான்?"

"இருக்கேன். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. இன்னைக்கு ரூம்ல மீனு. அத்தா நல்லாருக்காகளா?"

"நல்லாருக்காக."

"உப்பு ஜாஸ்தி மீன்ல." அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அங்கே ஏ.சி. ஓடும் சத்தம் இங்கே கேட்டது. ஊரில் மழை உண்டா என்று அவன் கேட்டான். அவள் இல்லை என்றாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் முன்பின் தெரியாத ஏழு பேரோடு, அதில் ஆம்பளைப் பிள்ளைகளும் உண்டு, இரண்டு மாதமாகப் பேசுகிறேன் என்றா? தங்கை பெயரில் பேசுகிறேன் என்றா? எழுதவே முடியாத பரீட்சைக்கு ஏன் படித்தாய் என்று கேட்டால்? பேச ஆளில்லாமல்தான் என்று சொன்னால், அப்போது நான் யார் என்று கேட்க மாட்டானா?

கேட்பான். கேட்க வேண்டியதுதானே.

"சரி" என்றான் இத்ரீஸ், ஐந்து வருஷமாக முடிக்கிற அதே குரலில். "வேறென்ன?"

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது.

"கார்டுல இன்னும் எத்தன நிமிஷம் இருக்கு மச்சான்?"

"பாக்கல. நாலஞ்சு இருக்கும். ஏன்?"

"பத்தாது."

"என்னது?"

"பத்தாது மச்சான். போய் இன்னொரு கார்டு வாங்கிட்டு வந்து கூப்பிடுங்க. ரெண்டாவே வாங்கிக்கங்க. உங்ககிட்டப் பேசணும்."

அந்தப் பக்கம் அவன் ஏ.சி.யை அணைப்பது கேட்டது.

"ரெஹானா, என்ன ஆச்சு?"

"வாங்கிட்டு வாங்க. நான் இங்கனயேதான் உக்காந்திருக்கேன்."

ரிசீவரை வைத்தாள். உள்ளேயிருந்து ஆசியா, "அதுக்குள்ள என்னடி வச்சிட்ட?" என்று கேட்டார். ரெஹானா போன் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தாள்.